பதினேழாம் கட்டத்துப் புள்ளி

அலையினின்று ஓடத்தை அரை நொடியில் பிரித்தறியும் அன்பிற்குரியவரே! காரிருள் படத்திலும் கலம் காணும் கூர்விழியாரே! பணியேட்டில் எப்பெயர் இருப்பினும் எங்கள் நாவில் என்றும் புள்ளியக்காவாக வாழ்பவரே! பணி ஓய்வு பெறும் இந்நாளில் தங்களுக்கு வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் இக்கடற்காவல் நிலையத்தின் மாடியறையில் அமர்ந்து, ரேடார் படங்களில் மினுங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ‘கப்பல்’, ‘படகு’, ‘பாறை’, ‘வெறும் அலை’ என்று பெயரெழுதினீர்கள். அப்படங்களைப் பார்த்துப் பார்த்தே, நாங்கள் ‘வலை’ என்றழைக்கும் செயற்கை நரம்பு வலையமைப்பு, கடலில் எது கலம் என்று கற்றது. தங்கள் வேலைக்கே அது உலை வைக்கும் என்று நாங்கள் முணுமுணுத்தபோது, “என் கண்ணுக்குத்தான் வயசாகுது, அதுக்காவது ஆகாம இருக்கட்டும்” என்று சிரித்தீர்கள்.

சென்ற ஆண்டு, புயல் ஓய்ந்து மூடுபனி கவிந்த வாரத்தில், வலை நம் காவல் எல்லையைக் கட்டங்களாகப் பிரித்த கடற்படத்தின் பதினேழாம் கட்டத்தில் ‘படகு’ என்று குறித்தது. எங்கள் கண்ணுக்கு அங்கே அலைதான் தெரிந்தது. ரோந்துக் கப்பல் போய் வெறுங்கையோடு திரும்பியது. மறுநாளும் அதே குறி, அதே வெறுங்கடல். மூன்றாம் நாளும் திரும்பி வந்த ரோந்துத் தலைவர், பேய்க்குக் காவல் போகிறோமா என்று சலித்துக்கொண்டார். அப்படங்களுக்கு ‘வெறும் அலை’ என்று பெயரிட்டு வலையைத் திருத்திவிடலாம் என்று பொறியாளர் தங்களிடம் கையொப்பம் கேட்டார்.

“எனக்குத் தெரியலைங்கிறதுக்காக, இல்லைன்னு எழுத மாட்டேன்” என்றீர்கள்.

நான்காம் நாள் தாங்களே கப்பலேறினீர்கள். குமட்டலில் வெளிறிய முகத்தோடு, பதினேழாம் கட்டம் வந்ததும் இன்ஜினை நிறுத்தச் சொன்னீர்கள். அந்த அமைதியில், பலகையை யாரோ தட்டும் ஓசை பனிக்குள்ளிருந்து வந்தது. நங்கூரம் அடிப்பாறையில் சிக்கி நிற்க, கூரை மட்டும் வெளியே தெரிய, நீரில் அமிழ்ந்திருந்தது ஒரு மரப்படகு. கூரைமேல் இருவர் கிடந்தனர். மூன்று முறை நம் கப்பல் அருகே வந்ததையும், படகிலிருந்தோர் கத்தியது கேட்காமல் அது திரும்பிப் போனதையும் மூத்தவர் கோபமின்றிச் சொன்னார். அவர் கோபித்திருந்தால்கூட எங்களால் தாங்கியிருக்க முடியும்.

இருவரும் கரை சேர்ந்தனர். படகும் இழுத்து வரப்பட்டது. மறுநாள் காலைப் படத்தில், பதினேழாம் கட்டத்தில், வலை மீண்டும் ‘படகு’ என்றது.

தாங்கள் எழுந்து மருத்துவமனைக்குச் சென்று, எத்தனை பேர் புறப்பட்டீர்கள் என்று இளையவரிடம் கேட்டீர்கள்.

“மூணு பேருங்க. உங்க கப்பல் மூணாவது தடவை திரும்பினப்போ, நீந்திப் போய்ப் பிடிச்சிடறேன்னு எங்க மச்சான் குதிச்சாரு.”

நாள்தோறும் தேடினோம். எதுவும் கிடைக்கவில்லை. நங்கூரமின்றி நீரோட்டத்தில் மிதக்கும் எப்பொருளும் ஓரிடத்தில் நிற்காது. அக்குறியோ ஒன்பது நாள் அசையாது நின்றது. பொறியாளர் வலையைத் துருவித் துருவிச் சோதித்தும் பிழை காணவில்லை. பத்தாம் நாள் குறி தானே மறைந்தது. அந்த ஒன்பது படங்களுக்கும், தங்கள் பணிக்காலத்தில் முதன்முறையாக, ‘தெரியவில்லை’ என்று எழுதினீர்கள். மூன்றாமவரின் மனைவியை நேரில் கண்டு, நாம் மூன்று முறை திரும்பிப்போனதை மறைக்காமல் சொன்னவரும் தாங்களே. அன்று எங்களில் ஒருவருக்கும் உடன்வரத் துணிவில்லை. அதை இம்மடலில் எழுதி வைக்கிறோம்.

தாங்கள் சூட்டிய ஐந்தாம் பெயரை வலையும் கற்றுக்கொண்டது. அரிதாகச் சொல்லும், சொன்னால் போகிறோம், இன்ஜினை நிறுத்திக் காது கொடுக்கிறோம். இன்று காலையும் சொன்னது. முன்வரிசையில் ரோந்துத் தலைவரின் நாற்காலி காலியாக இருப்பது அதனால்தான், மன்னித்தருள்க.

கண்ணொளி மங்காமல், உடல்நலம் குன்றாமல், எங்கள் தவற்றைக் கனவிலும் சுமக்காமல், பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் கண்டு நெடிது வாழ்க, அக்கா!

இவண்,
ஒருவர் கடலில் இருக்க, ஏனையோர் இங்கே கூடியுள்ள
கடற்காவல் நிலையப் பணியாளர்கள்