காந்திமதி பெயரில் திறந்த விண்டோ

விடியற்காலை நாலே முக்கால். இரண்டாயிரத்து இரண்டு, டிசம்பர் மாதம். மோதி பாக்கிலிருந்து ஆர்.கே.புரம் போகிற ரோடு... டெல்லிப் பனிமூட்டம் உங்களுக்குத் தெரியாததா? நீட்டின கை தெரியாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆள் சைக்கிளில் போகிறான். ஈரத் தாரில் டயர் உரசுகிற சத்தம்... யாரோ டயர் கொளுத்திக் குளிர்காய்ந்த நாற்றம்... வேறு ஒன்றும் இல்லை.

பெயர் ராஜவேல். என்னோடு வேலை பார்க்கிற சுஜாதாவின் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. கதை விடுகிறேன் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கரண்ட் வந்த பிறகு குறுக்குக் கேள்வி கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சுபாஷிணி, அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வை, கண் கூசுகிறது.

ராஜவேலுக்கு ஒரு பென்ஷன் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் இல்லையா? தராதவர்களைச் சரிபார்ப்பது இவன் பொறுப்பு. அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தான். கம்ப்யூட்டர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கிற சீட்டு, அவ்வளவுதான். அதை ஓட்டினால் ஒவ்வொரு பெயருக்கும் திரையில் கருப்பாக ஒரு புது டெர்மினல் விண்டோ திறக்கும். மேலே பெயர். உள்ளே ஒரே கேள்வி: இருக்கிறாரா? இவன் ஃபைலைப் புரட்டி, தேவைப்பட்டால் வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்து, யெஸ் அல்லது நோ தட்ட வேண்டும். தட்டினால் அது மூடிக்கொண்டு அடுத்தது திறக்கும்.

முந்நூற்று நாற்பது பெயர்கள். அன்று ராத்திரி ஆபீஸில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்; விடிந்து பத்து மணிக்கு லிஸ்ட் அதிகாரியின் மேஜையில் இருக்க வேண்டும். ராஜவேல் துரைக்குச் சோம்பல். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தான். யாரும் விசாரிக்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் அதுவே நோ போட்டுக்கொள்ளட்டும் என்று. பேப்பர் வராதவர் இல்லாதவர்தானே என்று நினைத்திருக்கிறான். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

விண்டோ திறந்தது... மூடியது. திறந்தது... மூடியது. மெஷினுக்குள் கறக் கறக் என்று டிஸ்க் ஓடுகிற சத்தம். இவன் ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திடீரென்று சத்தம் நின்றது.

ஒரு விண்டோ மட்டும் மூடாமல் நின்றது. மேலே காந்திமதி என்று பெயர்.

அவனுடைய அம்மா. அப்பா போனதிலிருந்து குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர். நம் ஆபீஸ்தானே, என்றைக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அம்மாவின் ஃபாரத்தை ஒரு மாசமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பதறிப்போய் யெஸ் தட்டினான். கீபோர்டு வேலை செய்யவில்லை. ஆனால் திரையில் எழுத்து விழுந்தது. மெதுவாக... ஒவ்வொன்றாக... யெஸ். அப்பாடா என்று மூச்சு விட்டான். விண்டோ மூடவில்லை. கீழே மறுபடி அதே கேள்வி. இருக்கிறாரா? யெஸ். மறுபடி கேள்வி. யெஸ். இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை ரொம்ப நேரம் பதிலே இல்லை... கர்சர் மட்டும் விட்டுவிட்டு மின்னியது. அப்புறம் விழுந்தது. நோ.

விண்டோ மூடிக்கொண்டது. டிஸ்க் மறுபடி ஓட ஆரம்பித்தது.

சைக்கிளை எப்படி மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக் கதவைத் தட்டினால்... அம்மா திறக்கிறார். ஸ்வெட்டர், மப்ளர், கையில் ஆவி பறக்கிற காபி. அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதிருக்கிறான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இப்பத்தான் ஒருத்தன் போன் பண்ணினான்டா. குரல் அச்சா உன்னுதுதான், ஆனா நீயில்ல. காந்திமதி இருக்காங்களான்னு கேட்டான். நான்தான் பேசறேன், இருக்கேன்னேன். திரும்பத் திரும்ப அதையே கேக்கறான். ஏழெட்டுத் தடவை ஆச்சு. இந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் நிக்கறது? சலிச்சுப் போயி, இல்லப்பான்னுட்டேன்.”

பத்து மணிக்கு ஆட்டோ வைத்து அம்மாவை ஆபீஸுக்கே கூட்டிப் போனான். அதிகாரி முன்னால் கையெழுத்து, முத்திரை, எல்லாம் ஆயிற்று. லிஸ்டில் அம்மா பெயருக்கு எதிரே யெஸ் என்று பேனாவால் திருத்தினான். அன்று சாயங்காலம் மலை மந்திர் முருகன் கோயிலில் தீபாராதனை பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்... உட்கார்ந்தபடியே போய்விட்டார். வயசு அறுபத்தொன்று. குளிர் தாங்கவில்லை என்றார் டாக்டர். மற்ற முந்நூற்று முப்பத்தொன்பது பேரா? யார் போய்ப் பார்த்தது, சுந்தரேஷ்?

எழுந்திருக்காதீர்கள், இன்னும் முடியவில்லை. அந்தம்மா காலையில் சொன்னதில் கடைசிப் பேச்சை நான் விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று சுஜாதா சத்தியம் வாங்கியிருந்தாள். பரவாயில்லை, சொல்கிறேன். காபியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

“இல்லன்னு சொன்னதும் வெச்சுடுவான்னு பார்த்தேன்... வெக்கலடா. வீட்ல வேற யாரு இருக்காங்கன்னு கேட்டான். உன் பேரைச் சொன்னேன்.”