'சாரி' சொன்னவருக்கு எங்கே வலிக்கிறது?

இந்த நினைவேந்தல் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் துப்புரவுத் தொழிலாளர் சங்கத் தலைவி ராஜம்மாள் அவர்களே! வேலை முடித்து வியர்வை உலராமல் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே! விழிநீர் வற்றிய தாய்மார்களே! முன்வரிசையில் மகளை மடியில் ஏந்தியிருக்கும் தங்கை வினோதினியே! ஆங்கில ஆசிரியன் நான், உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

நாளெல்லாம் நம் நாவில் நடமாடும் ஆங்கிலச் சொல் எது? சாரி! காலை மிதித்தால் சாரி. காதில் விழாவிட்டால் சாரி. சாவு வீட்டிலும் சாரி.

சென்ற பௌர்ணமிக்கு முந்தைய நாள், செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வந்தார் மாறன். வினோதினியின் கணவர், என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர். மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாடை ஜாஸ்தியா இருக்குங்க. மிஷின் வண்டியக் கூப்பிடுங்க."

"சாரிப்பா, நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வந்துடும். அஞ்சு நிமிஷ வேலைதானே, இறங்கு" என்றார் விடுதிக்காரர்.

மாறன் இறங்கினார். ஏறவில்லை. என்ன ஐயா, பின்னால் கேட்கவில்லையா? உரக்கவே சொல்கிறேன்: மாறன் ஏறவே இல்லை!

பிணவறை வாசலில் அதே மனிதர் வினோதினியிடம் வந்து, "சாரிம்மா" என்றார். கைப்பேசி ஒலித்தது, நகர்ந்துவிட்டார்.

தங்கை என்னிடம் கேட்டாள்: "சார், சாரின்னா இன்னா அர்த்தம்?"

மன்னிப்பு என்று சொல்ல மனம் ஒப்பாமல், சொல்லின் வேரைச் சொன்னேன்: "பழைய இங்கிலீஷ்ல அதோட வேருக்கு வலி, புண்ணுன்னு அர்த்தம்மா. சொல்றவனுக்கு உள்ளே வலிக்குதுன்னு பொருள்."

"அவருக்கு எங்க சார் வலிக்குது?"

பதிலை நீங்கள் சொல்வீர்களா?

அவள் உடலை வாங்க மறுத்தாள். விசாரிக்க வந்த காவலரிடம், "எங்க ஊட்டுக்காரர இறக்கினது குத்தம்னு எழுதுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்" என்றாள். இரண்டு பகல் மகளோடு அந்த வாசலிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் வழக்குப் பதிந்தார்கள், விடுதிக்காரர் கைதானார். மாறன் மண்ணுக்குள் போனார்.

நேற்றுக் காலை வேறொரு விடுதியில் தொட்டி மூடியைத் திறந்து, நம் தொழிலாளர்கள் திருமலையையும் வல்லரசையும் இறங்கச் சொன்னார்கள். செய்தி கேட்டு ஓடினாள் வினோதினி. குழியின் வாய்மேல் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். "மிஷின் வண்டி வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். என்னிய இன்னா வேணா பண்ணிக்கோங்க."

வண்டி வந்தது! அந்த இருவரும் இதோ, ராஜம்மாளுக்குப் பக்கத்தில், உயிரோடு!

கைதட்டாதீர்கள். மாறனுக்காக அப்படி உட்கார அன்று ஒருவரும் இல்லை. நான் இல்லை. நீங்கள் இல்லை. இனி எந்த மூடி திறந்தாலும் ஓடுங்கள்! உட்காருங்கள்!

பொறுமையோடு கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி. தங்கையே, உனக்கு என் வணக்கம்.