பிள்ளையார் கோவில் வாசலில் உட்கார்ந்த வண்டி

ஹலோ... ஹலோ... ராஜையன் ஆசானா? ஆசானே, நான் கரமனையிலேர்ந்து லலிதாம்பாள் பேசறேன்... அதே, அதே, கறுப்பு வண்டிக்காரி. உங்க வர்க்‌ஷாப்புக்குத்தான் முதல்லே அடிச்சேன், பொன்முடிக்குப் போயிருக்கேள்னா...

வண்டி உக்காந்துடுத்து ஆசானே.

...இல்லை இல்லை, நின்னுபோகலை. நின்னுபோறதுன்னா ஸாரமில்லை, தள்ளிண்டு போலாம். இது உக்காந்துடுத்து. பின்பக்கம், இடது மூலை, சக்கரத்து மேலே அப்படியே அமுங்கிக் கிடக்கு. மத்த மூணு மூலையும் தூக்கிண்டு நிக்கறது. நாய் ஒண்ணு கம்பத்துப் பக்கத்திலே காலைத் தூக்கிண்டு... வேண்டாம், நல்ல நாளும் அதுவுமா.

...ஓணத்துக்கு முன்னாலே நீங்கதானே அந்தப் பையை மாத்தினேள்? ஸ்பிரிங்கே கிடையாது, நாலு ரப்பர் பையிலே காத்தை அடைச்சு அதும்மேலே வண்டியை உக்கார வெச்சிருக்குன்னு பேப்பர்லே படம் போட்டுக் காட்டினேளே... அதே, அந்தப் பைதான்.

...எங்கே நிக்கறேள்? பதினாறாவது வளைவிலேயா? அய்யோ, வேன் மண்ணிலே எறங்கிடுத்தா? ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?... பகவான் காப்பாத்தினார். ...பாறை மேலே நின்னாத்தான் சிக்னல் கிடைக்கறதா? அப்போ இறங்காதேங்கோ. எனக்கு வேண்டி அரை மணி நேரம் பாறை மேலேயே நில்லுங்கோ, புண்ணியமாப் போகும்.

...ஜானவாசம் ஆசானே, இன்னிக்கு! மாப்பிள்ளை ஊர்வலம். உங்களவாள்லே பொண்ணைப் பூ வெச்ச கார்லே சர்ச்சுக்குக் கூட்டிண்டு போவேளே, எங்களுக்கு மாப்பிள்ளை. அஞ்சரைக்கு இங்கே பிள்ளையார் கோவில் வாசல்லே ஏறணும், தெருவைச் சுத்திண்டு மண்டபத்துக்குப் போகணும். மேல் கூரை திறக்கும் பாருங்கோ, அது வழியா மாப்பிள்ளை அகில் தலையை நீட்டிண்டு நிப்பான். ஓட்டறது நான். ...பின்னே! எங்கண்ணா பொண்ணு ரெம்யா நாலாம் கிளாஸ்லேயே கேட்டது, அத்தை, என் கல்யாணத்துக்கு நீதான் வண்டி ஓட்டணும்னு. கையிலே அடிச்சுக் கொடுத்திருக்கேன்.

...நாலேகால்.

...அண்ணாவா? இருக்கானே, பக்கத்திலே இடுப்பிலே கையை வெச்சுண்டு. பந்தல்காரனோட பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்திட்டான். அஞ்சு மணிக்குள்ளே இது எழுந்துக்கலைன்னா பூவெல்லாம் பிக்கப் மேலேயாம். ...அய்யோ, அது மத்த நாள்லே கோழி ஏத்தற வண்டி ஆசானே! மூலையிலே இறகு கிடக்கு! எங்காத்து மாப்பிள்ளை கோழி நின்ன இடத்திலே நின்னுண்டு...

நீ சும்மா இரு அண்ணா. நான் ஆசானோட பேசிண்டிருக்கேன்... தெரியும், நீ பிஸிக்ஸ் ப்ரொபஸர். முப்பது வருஷம் காத்தழுத்தம் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தியே, இந்த ஒரு பையிலே கொஞ்சம் ஏத்திக் காட்டேன்... முடியாதுன்னா தள்ளி நில்லு.

...உங்களை இல்லை ஆசானே, அண்ணா சாம்பசிவனை. சொல்லுங்கோ, முதல்லே என்ன பாக்கணும்?

...கம்ப்ரஸர் சத்தம். ஸ்டார்ட் பண்ணியாச்சு. கேக்கறது, கேக்கறது! கர்ர்ர்னு நன்னா ஓடறது!... எஞ்சினை நிறுத்தணுமா? நிறுத்திட்டேன்... இப்பவும் கர்ர்ர்னு ஓடறதே... அப்படி ஓடக் கூடாதா? இருங்கோ.

ஓமனே! ஓமனே! நீ கிரைண்டரா போட்டிருக்கே?... இட்லிக்கு அரைக்கறாளாம் ஆசானே, எதிராத்து ஓமனா. ஒண்ணு நிறுத்தேன் மோளே, இங்கே வண்டிக்கு நெஞ்சிலே குழல் வெச்சுப் பாத்துண்டிருக்கோம்!

...ம். திரும்ப ஸ்டார்ட் பண்றேன். ...இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ...கதவா? கதவெல்லாம் மூடித்தான்... அண்ணா! இப்போ இங்கே நின்னுண்டிருந்தே, எப்போ பின் சீட்டுக்குப் போனே? கதவைத் திறந்து ஒரு காலை வெளியிலே விட்டுண்டு, மடியிலே சீர் முறுக்குத் தட்டு வேற! ஒரு கதவு திறந்திருந்தாக்கூட இந்த வண்டி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காதாம். சிலை மாதிரி நிக்குமாம், ஆசான் சொல்றார்... கால் வலின்னா உள்ளே எடுத்து வெச்சுண்டு வலிக்கட்டும். மூடு! ...முறுக்கையும் மூடு.

...ஆங், இப்போ கேக்கறது ஆசானே. பின்னாலேர்ந்து, சின்னதா, ஊம்ம்ம்னு. கொஞ்சம் ஓடித்து, நின்னுது. ...அப்புறம் புஸ்ஸுனு ஒரு பெருமூச்சு. ...அதே, புஸ்ஸு.

...சோப்புத் தண்ணியா? ஓட்டை இருந்தா அங்கே முட்டை முட்டையா வரும், மனசிலாச்சு. ஆத்திலே சோப்புத் தீர்ந்துடுத்தே... பட்டுப்பொடவை அலசப் பூந்திக்கொட்டை ஊறப் போட்டிருக்கேன், அது போறுமா? சோப்பைவிட நன்னா நுரைக்கும்... சரி, ஆயிக்கோட்டே. ...கையை உள்ளே விடலை ஆசானே! நீங்க அங்கேர்ந்து கத்தினா பாறை உருண்டுடும். பன்னீர்ச்சொம்பு இருக்கோன்னோ, கல்யாணத்துக்கு வாங்கினது, அதாலே தூரத்திலேர்ந்து தெளிக்கறேன்.

...தெளிச்சாச்சு. வெள்ளிச் சொம்பாலே இந்தப் பைக்குக் கிடைச்ச உபசாரம் சம்பந்திக்குக்கூட இன்னும் கிடைக்கலை. ...இல்லை, ஒரு முட்டை இல்லை. ...குழாய் மூட்டிலேயும் இல்லை. ...புஸ்ஸு வரது அங்கேர்ந்து இல்லை, அந்தக் கம்ப்ரஸர் பக்கத்து வால்விலேர்ந்து.

...என்ன சொல்றேள்? வண்டி தானாவே விடறதா? ஓட்டையே இல்லாம, தானே மனசு வெச்சுக் காத்தை விடறதா? என்னத்துக்கு? ...ஓஹோ!

அண்ணா, கேட்டியா? வண்டி ரொம்ப உசரத்துக்குப் போயிட்டோம்னு நெனச்சிண்டிருக்காம். அந்த நெனப்பு வந்ததும் தானே இறங்கிடறதாம். நீயும் கொஞ்சம் கத்துக்கோ.

...சொல்லுங்கோ. சக்கரத்துக்குப் பக்கத்திலே ஒரு சின்னக் கை... உசரம் பாக்கற கை. ம். அது சக்கரத்துக் கம்பியோட சேர்ந்திருக்கும். கை கீழே தொங்கித்துன்னா, வண்டி மேலே போயிடுத்துன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். ம்... ம்...

...யாரும் தொடலை. ...யார் தொடப் போறா ஆசானே? என் வண்டியை என்னைத் தவிர ஒருத்தரும் தொடமாட்டா. ஒரு வாரமா வெளியிலேயே எடுக்கலை, பாலிஷ் போட்டு மூடி வெச்சிருந்தேன். இன்னிக்கு எடுத்துக் கோவில் வாசல்லே நிறுத்தினேன், உக்காந்துடுத்து. ...எலியா? பிள்ளையார் கோவில் எலி இருக்குதான். அவரோட வாகனம் என் வாகனத்தைக் கடிக்குமா, என்ன பேச்சு!

...ஜாக்கி வெச்சுத்தான் பாக்கணுமா? அண்ணா, ஜாக்கி எடு. ...அதே, அதே, வெறும் ஜாக்கியை நம்பப்படாது. முட்டுக் கொடுக்கறோம். ஸ்டெப்னி டயரைப் படுக்கப் போட்டு, அதும்மேலே ஓமனாவோட அம்மிக்கல். ...எஞ்சின் நிறுத்தியாச்சு. ...தலையை விடலை, சத்தியமா. வெளியிலே படுத்துண்டு டார்ச் மட்டும்தான் அடிக்கறேன்.

...தெரியறது. சக்கரம்... கம்பி... சின்னக் கை... அதிலே...

...

...இல்லை, லைன்லேதான் இருக்கேன். ஒரு நிமிஷம்.

அண்ணா, மாப்பிள்ளை ஆத்துக்காரா கிளம்பிட்டாளான்னு தெருமுனை வரைக்கும் போய்ப் பாத்துண்டு வாயேன்... போன்லே கேட்டா மரியாதையா இருக்காது. போ.

...போயிட்டான். ஆசானே, நான் மெதுவாப் பேசறேன். நீங்களும் மெதுவாப் பேசுங்கோ... பாறையிலே யாரும் இல்லைன்னாலும் மெதுவா. அந்தக் கையிலே ஒரு எலுமிச்சம்பழம் தொங்கறது.

...எலுமிச்சம்பழம்தான். அஞ்சு பச்சைமிளகாய். ஒரு படிகாரக் கட்டி. அப்புறம் ஒரு சங்கு... சின்னச் சங்கில்லை.

...நான்தான் கட்டினேன். போன வெள்ளிக்கிழமை. பால்காரன் வண்டியைப் பாத்து, அம்மே, எந்தொரு தலையெடுப்புன்னுட்டான். உற்சவத்து ஆனையைப் பாத்து என்ன கம்பீரம்னு சொல்றாப்போலே! திருஷ்டி கழிக்க வேண்டாமா? முன்னாலே கட்டினா அண்ணா விடுவானா? கம்ப்யூட்டர் வெச்ச வண்டிக்கு எலுமிச்சம்பழமா லல்லின்னு போன மாசம் எல்லார் முன்னாலேயும் கேட்டவன். அதான் கண்ணிலே படாம அடியிலே கட்டினேன். நன்னாக் கொக்கி மாதிரி நீட்டிண்டிருந்தது ஆசானே, இதுக்குன்னே கம்பெனிக்காரா வெச்சு அனுப்பின மாதிரி...

...இறுக்கித்தான் கட்டினேன். இழுத்துக் கட்டறச்சே டக்குனு ஒரு சத்தம் கேட்டது. முடிச்சு நன்னா விழுந்துடுத்துன்னு சந்தோஷப்பட்டேன். ...ஓ. முடிச்சில்லையா அது. கம்பி கழண்டுடுத்தா. ...கை சங்கோட கனத்திலே கீழே தொங்கிடுத்தா.

...சிரிக்காதேங்கோ! பாறையிலேர்ந்து விழுந்துடுவேள்!

...அவிழ்த்துட்டேன். செம்பருத்திச் செடிக்குப் பின்னாலே போட்டாச்சு. இனி?... கம்பி முனையிலே ஒரு சின்னக் குமிழ், கையிலே ஒரு குழி. ம்... சேர்த்து வெச்சுக் கட்டைவிரலாலே ஒரு அமுக்கு... வளையல் இடிக்கறது... இருங்கோ...

டக்!

அதே சத்தம் ஆசானே!

...ஓமனா, பிடி பிடி, கல்லை எடு. டயரை உருட்டு. ஜாக்கி இறங்கட்டும். ...நாலு கதவும் மூடியாச்சு ஆசானே, நான் சீட்லே உக்காந்தாச்சு. ஸ்டார்ட். ...ஊம்ம்ம்ங்கறது... புஸ்ஸு இல்லை... புஸ்ஸு இல்லை... எழுந்துக்கறது! ஆசானே, எழுந்துக்கறது! காளை மாடு மாதிரி பின்னாலேர்ந்து மெதுவா... ஓமனா கையைத் தட்டறா, கேக்கறதா?

...ஒரு உபகாரம் பண்ணணும். அண்ணா கேட்டான்னா ஃப்யூஸ் போயிடுத்துன்னு சொல்லணும். ...பொய்தான். உங்க பாஸ்டர் கிட்டே வேணும்னா நானே வந்து சொல்லிக்கறேன்.

வா அண்ணா, பாத்தியா? ...ஃப்யூஸ். இத்தனூண்டு ஃப்யூஸ். ...கோழி வண்டியைத் திருப்பி அனுப்பு முதல்லே.

...வெச்சுடாதேங்கோ ஆசானே, நாதஸ்வரம் கேக்கறதா? வந்துட்டா. மாப்பிள்ளை ஏறறவரைக்கும் லைன்லே இருங்கோ. கனம் ஏறினதும் மறுபடி உக்காந்துடுத்துன்னா நான் யாரைக் கேப்பேன்? ...ஏறறான்... கதவை மூடிட்டா... கூரை வழியாத் தலை வந்தாச்சு, மாலை வந்தாச்சு... நெல்மணி அளவுகூட இறங்கலை ஆசானே! உங்க கைக்குத் தங்கத்திலே காப்புப் போடணும்.

...சம்பந்தியம்மா சொல்றா, கேளுங்கோ, ராஜா ஏறற வண்டி மாதிரி இருக்காம். சுத்திச் சுத்தி வந்து பாக்கறா. அண்ணா மூஞ்சியைப் பாக்கணுமே! 'எங்காத்து வண்டி'ங்கறான் ஆசானே! கார்த்தாலேர்ந்து 'உன் வண்டி, உன் வண்டி'ன்னு கரிச்சுக் கொட்டினவன், இப்போ எங்காத்து வண்டியாம்!

...அதே, அதே. நானும் கிளம்பறேன். அண்ணா முன்னாலே ஏறிண்டா... எங்கே அவன்? இப்போ இங்கேதானே நின்னான்.

...என்ன ஓமனே? ...கால் தெரியறதா? யார் கால்?

ஆசானே, கண்ணாடியிலே பாக்கறேன். பின்னாலே, வண்டிக்கு அடியிலேர்ந்து ஒரு பஞ்சகச்சம் மட்டும் நீட்டிண்டிருக்கு.

அண்ணா! என்ன பண்றே அங்கே? ...எதைக் கட்டறே?

...செடிக்குப் பின்னாலே போட்டேனே, அதைக் கண்டுபிடிச்சு எடுத்துண்டு வந்துட்டான் ஆசானே! யாரோ நல்ல மனசோட கட்டினது அறுந்து விழுந்ததாலேதான் வண்டி உக்காந்துதாம்! சம்பந்தியம்மா கண்ணு பொல்லாத கண்ணாம்! அங்கே கொக்கி மாதிரி ஒண்ணு நீட்டிண்டிருக்காம், வசதியா இருக்காம்! முப்பது வருஷம் பிஸிக்ஸ்...

...என்ன? டக்குனு கழண்டா உடனே காத்தை விட்டுடுமா? அவன் தலை மேலேயா?

...கதவு! அதே, கதவு, கதவு! திறந்துட்டேன் ஆசானே! எஞ்சினையும் நிறுத்திட்டேன்! ஓமனே, நாலு கதவையும் திற! அகில், நீ அசையாதேப்பா, நின்னுண்டே இரு. யாராவது அந்த மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கோ!

அண்ணா, வெளியே வா. அதை அங்கே கட்டாதே. ...சொன்னாக் கேளு. ...ஏன்னா, அங்கே கட்டப்படாது. ...ஏன்னா... எல்லாரும் பாக்கறா அண்ணா, வெளியே வா, அப்புறம் சொல்றேன். ...வரமாட்டியா?

ஃப்யூஸ் இல்லை! அங்கே கட்டினதாலேதான் வண்டி உக்காந்தது! ...யாரா? நான்தான்! லலிதாம்பாள்தான்! போன வெள்ளிக்கிழமை நான்தான் கட்டினேன், போறுமா? இப்போ வெளியே வா!

...

...வந்துட்டான் ஆசானே. வந்துட்டான். நெத்தியிலே விபூதி மேலே மூணு கோடு கிரீஸ். கையிலே எலுமிச்சம்பழம். ...அதையும் என்னையும் மாறி மாறிப் பாக்கறான். தெருவே நிக்கறது. ...ம், சம்பந்தியம்மா வரா. என்ன சொல்லப் போறாளோ...

...ஆசானே! அவாத்து வண்டியிலே நம்பர் பிளேட்டிலேதான் கட்டுவாளாம்! அங்கேதான் ஒண்ணையும் இழுக்காதாம்! அண்ணா கையிலேர்ந்து வாங்கி அவாளே முன்னாலே குனிஞ்சு கட்டிண்டிருக்கா. ப்ரொபஸர் டார்ச் பிடிச்சுண்டு நிக்கறார்.

...சிரிங்கோ. இப்போ நன்னாச் சிரிங்கோ. சிரிச்சுட்டு மெதுவாப் பாத்துப் பாறையிலேர்ந்து இறங்குங்கோ, நாளைக்கு இலை போட்டு வெப்பேன், வரணும். மேளம் ஆரம்பிச்சாச்சு. மூடறோம், கதவெல்லாம் மூடறோம்...

அண்ணா. காலை உள்ளே எடு.

...வெச்சுடறேன் ஆசானே.