சும்மா இருக்கும் இயந்திரத்தின் சத்தம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் இறுகி அமர்ந்திருக்கும் மூத்த தொழிலாளர்களே, கைக்குழந்தைகளோடு இந்த உணவுக்கூடத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, லாரியில் பெட்டி ஏற்றும் தோழர்களே, வணக்கம்!

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஒருநாளும் மேடை ஏறியதில்லை. இன்று என்னை ஏற்றியது கோபம்.

பின்னால் கேட்கவில்லையா? சத்தமாகவே சொல்கிறேன், தம்பி. அடக்கிப் பேசித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்!

போன மாதம், ஒரு மருத்துவமனை. தாடையில் அறுவை முடிந்து, வாய் திறக்க முடியாத ஒரு பெண். மூச்சு முட்டுகிறது. கையில் இருந்த, செவிலியரை அழைக்கும் கம்பியில்லாப் பட்டனை அழுத்துகிறாள். யாரும் வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் போயிருந்த கணவர் திரும்பி வந்து பார்த்து அலறியிருக்கிறார்.

"பட்டன அழுத்தலயாம்மா?" என்றாராம் செவிலியர்.

"நாலு தடவ அழுத்திருக்கா சிஸ்டர்! விரலப் பாருங்க, செவந்து கெடக்கு!"

பிழைத்துக்கொண்டாள். பட்டனில் பழுதில்லை. அதன் மெல்லிய ரேடியோ அலையை விழுங்கியது எது? பக்கத்தில் சும்மா நின்ற, நாம் செய்த, மருந்தேற்றும் கருவி!

அதற்குள் பக் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு. பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது. நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும். கருவி மருந்தேற்றும்போது ஒரே தாளத்தில் துடிக்கும். அதன் இரைச்சல், காதுக்குக் கேட்காத ரேடியோ இரைச்சல், எந்த அலைவரிசையில் எழும் என்று தெரியும். வடிகட்டி வைத்துப் பிடித்துவிடலாம். ஆனால் கருவி சும்மா நிற்கும்போது? பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்தத் தாளத்தைக் கைவிட்டு, இடைவெளி விட்டுக் கொத்துக் கொத்தாகத் துடிக்கும். இரைச்சல் கீழ் அலைவரிசைக்கு இறங்கும், இடம் மாறும், வடிகட்டிக்குத் தப்பும்.

இதை நாம் சோதித்தோமா? இல்லை! முழு வேலையில் ஓடவிட்டுத்தான் அளந்தோம். "சும்மா நிக்கிற மெஷின் என்ன மேடம் சத்தம் போடப்போகுது?" என்று சிரித்தார் வடிவமைப்புத் தலைவர். நானும் சிரித்தேன். சிரித்தபடியே சான்றிதழில் கையெழுத்திட்டேன்.

இப்போது அளந்துவிட்டேன். இரைச்சல் வரம்பைத் தாண்டி நிற்கிறது. சும்மா நிற்கும்போதும் ஒரே தாளத்தில் பூட்டுங்கள் என்றேன். "பூட்டினா எட்டு மணி நேர பேட்டரி ஆறாயிடும். விளம்பரத்துல எட்டுன்னு போட்டாச்சே!" என்கிறார் விற்பனை மேலாளர். பட்டனிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமாம்! ஐயா, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடிகிறது. இரண்டு மீட்டரை எங்கே தேடுவது? கூரையிலா?

சிரிக்காதீர்கள். திங்கட்கிழமை முந்நூற்று நாற்பது கருவிகள் லாரி ஏறக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் துணை போவது என் கையெழுத்து.

தலைவர் அவர்களே, அதை இந்த அவையில் திரும்பப் பெறுகிறேன். கடிதம் இதோ. என் வேலை போகலாம், போகட்டும். பழைய சான்றிதழைக் காட்டி "ஏற்றுங்கள்" என்பார்கள். தோழர்களே, ஏற்றுவீர்களா?

மாட்டோம் என்று இன்னொரு முறை சொல்லுங்கள். மேலாளர் அறைவரை கேட்கட்டும்!

கேட்டிருக்கும். பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை லாரி வாசலில் உங்களோடு நிற்பேன். வணக்கம்.