செல்லுகிற வாக்கு

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வரிசை. எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டிக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்ட அவர் மனைவி, அந்த அம்மாளின் தம்பி. காலை ஆறு மணிக்கே வந்தவர்களாம்.

"கட்சித் தலைவருக்கு ஒரு போன் போடுங்க மச்சான். நத்தத்துல பாதிப் பேரு உங்க போன்லதான இந்த ஆஸ்பத்திரில பெட்டு வாங்குனாங்க? உங்க செல்வாக்கு அக்காவுக்கு மட்டும் ஆகாதா?"

"செல்வாக்குன்னா என்னன்னு நெனச்ச மாப்ள?" என்றார் வேட்டிக்காரர். "செல்லுற வாக்கு. அம்புட்டுதான். இங்க சொன்னா அங்க செல்லணும். சொல்றவன்கிட்ட ஒண்ணும் கெடையாது. கேக்குறவன் கையிலதான் எல்லாம் இருக்கு."

"சரி, சொல்லித்தான் பாருங்களேன்."

"போன மாசம் ஒரு கல்யாணத்துல தலைவரை நேருக்கு நேரா நின்னு கும்பிட்டேன். பக்கத்துல இருந்தவர்கிட்ட 'யாரு இவரு'ன்னு கேட்டாரு."

தம்பி வரிசையை எட்டிப் பார்த்தார். அது நகரவே இல்லை.

"கூட்டத்துல அடையாளம் தெரிஞ்சிருக்காது. பேரைச் சொன்னா தெரியும். போடுங்க மச்சான், அக்கா துடிக்கிறால்ல."

வேட்டிக்காரர் போனை எடுத்தார். நம்பரைத் தேடி எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடுடா," என்றார் தரையிலிருந்த அம்மாள். "வலியை நான் பொறுத்துக்கிருவேன். தலைவரு போனை எடுக்கலைன்னா இந்த மனுசன் தாங்க மாட்டாரு."

வேட்டிக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.