கிடைத்தது கால்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அருங்காட்சியகத் தலைவர் அவர்களே, பாறையைப் பிளந்து பழமையைத் தேடிய பெரியோர்களே, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் தாய்மார்களே, திரைக்குப் பின்னே வாய் திறவாமல் நிற்கும் எங்கள் குட்டி டைனோசரே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்லிலிருந்து எலும்பைப் பிரிப்பவன் நான். ஆறு ஆண்டுகள் ஊசியும் தூரிகையுமாக ஒரு பாறையோடு குடித்தனம் நடத்தினேன். கிடைத்தவை எவை? பல்லோடு ஒரு தாடைத் துண்டு, இடுப்பெலும்பு, முதுகிலும் வாலிலும் சில துண்டுகள். டைனோசர் குலத்தின் தொடக்க நாளில், ஆட்டுக்குட்டி உயரத்தில், ஊன் தின்று வாழ்ந்த உயிர் என்கிறது பல். தாடையும் இடுப்பும் ஒரே உயிருடையவையா, அருகருகே செத்த இரண்டு உயிர்களுடையவையா? தெரியவில்லை ஐயா, சத்தியமாகத் தெரியவில்லை.

முழு உருவம் செய்தவர் என் அக்கா. முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கிறாரே, அந்தச் சிற்பிதான். கிடைத்த எலும்புக்குக் கறுப்பு, ஊகித்த எலும்புக்கு வெள்ளை என்பது ஏற்பாடு. நான் சீட்டு அனுப்பினேன்: "கிடைத்தது கால். மீதி ஊகம்." எலும்புப் பட்டியலை இணைக்க மறந்தேன்.

இன்று காலை திரைக்குப் பின்னே அந்தக் காலைக் கண்டேன். கறுத்த கால், கம்பீரக் கால், கிடைக்கவே கிடைக்காத கால். மற்றதெல்லாம் வெள்ளை.

"என்னக்கா இது?"

"நீதானே எழுதின, கால் கிடைச்சுதுன்னு?"

"நாலுல ஒரு பங்குன்னுதான்க்கா நான் சொன்னது."

"அப்ப கால் பங்குன்னு எழுதணும். உன் மனசுக்குள்ள பூந்தா நான் பாக்க முடியும்?"

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலைப் பார்த்ததும், ஒருவேளை கிடைத்ததோ என்று நானே ஒரு கணம் குழம்பினேன். வெட்கமாக இருக்கிறது. நானே குழம்பினால் நாளை வரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

"யாருக்குத் தெரியப்போவுது, விடுங்க" என்கிறார் கடைசி வரிசைக்காரர். எனக்குத் தெரியுமே ஐயா. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதுவும் தெரிகிறது.

கால் தெரியும், முக்கால் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குத்தானே அந்த வெள்ளை? ஆகவே தலைவர் அவர்களே, திரையை இப்போதே விலக்குங்கள். அக்கா, மேலே வாங்க. எல்லோரும் பார்க்க அந்தக் காலுக்கு வெள்ளை பூசுங்க, கிடைத்த துண்டுகளுக்குக் கறுப்பு பூசுங்க. வாளியை நான் பிடிக்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி; கால் நன்றியல்ல, முழு நன்றி. வணக்கம்.