கை தூக்கியவரெல்லாம் சம்மதித்தவரா?

ரயில்வே கேட்டில் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும், போட்ட மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்ட அவைத்தலைவர் ஸ்டானிஸ்லாஸ் ஐயா அவர்களே! கல்வி அலுவலகத்திலிருந்து வந்து, வந்ததிலிருந்து முதுகை நாற்காலியோடு ஒட்டியே வைத்திருக்கும் அதிகாரி ரவிக்குமார் சார் அவர்களே! எனக்கு எழுத்தையும் காதுத் திருகலையும் ஒரே நாளில் கற்பித்த தலைமையாசிரியை ஹில்டா டீச்சர் அவர்களே! மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்த தாய்மார்களே! துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோளோடு வந்த பெரியோர்களே! போண்டாவுக்கு வந்து பேச்சில் சிக்கிய பொதுமக்களே! பதினோராம் வகுப்பு ஜெரியின் பணிவான, ஆனாலும் வாய் அடங்காத வணக்கம்!

போண்டா எப்போது என்று பின்வரிசையில் ஒரு குரல். அண்ணே, நான் இறங்கியதும் அது ஏறும். பொறுங்கள்.

கொருக்குப்பேட்டைக் கேட்டுக்கு இந்தாண்ட ஒரு தொடக்கப்பள்ளி. அதில்தான் இப்போது கூடியிருக்கிறோம். அந்தாண்ட இன்னொன்று, நான் படித்தது, ஹில்டா டீச்சர் ஆள்வது. நடுவில் தண்டவாளம். தண்டவாளத்தில் சரக்கு வண்டி. அது வந்தால் வரும், நின்றால் நிற்கும், கிளம்பும் நேரம் அதற்கே தெரியாது. இரண்டு பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். ஆகவே அந்தாண்டப் பிள்ளைகளை இந்தாண்டப் பள்ளியில் சேர்த்துவிடலாமாம். பிள்ளைகளின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று உத்தரவு. கேட்டார்களா? கேட்டார்கள். கிடைத்ததா? அடடா, எப்படிக் கிடைத்தது!

போன வாரம் ரவிக்குமார் சார் அந்தாண்டப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார். நுழைந்த நேரம், இடைவேளை மணிக்குச் சற்று முன். ஹில்டா டீச்சரின் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. அந்த நேரத்தில் கை தூக்கியவர் மட்டுமே கழிவறைக்குப் போகலாம். தூக்காதவர் மதியம் வரை தாங்க வேண்டும். இதை அறியாத சார், கம்பீரமாக, கனிவாக, “பள்ளிகளை இணைக்கச் சம்மதமென்றால் கை தூக்குங்கள்” என்றார்.

தூக்கினார்கள் ஐயா, தூக்கினார்கள்! ஒற்றைக் கை தூக்கியோர் உண்டு, இரட்டைக் கை தூக்கியோர் உண்டு, பெஞ்சின் மேல் ஏறித் தூக்கியோரும் உண்டு! சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே மக்களாட்சியின் மாண்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முதல் வரிசை முதஸ்ஸிர், கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, “சார், சீக்கிரம் சார்” என்றான். “பிஞ்சு நெஞ்சில் எத்தனை ஆர்வம்!” என்றார் சார். ஆர்வம் நெஞ்சில் இல்லை ஐயா, சற்றுக் கீழே இருந்தது.

சிரிக்காதீர்கள். அந்தக் கைகள்தாம் ‘பிள்ளைகள் ஏகமனதாக ஆதரவு’ என்று அலுவலகம் போய்ச் சேர்ந்தன.

சேதி தெரிந்த ஹில்டா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “நீ போய் கேளுடா. உன்னாண்ட புளுக மாட்டாங்க. அதான் எல்லாத்தையும் நீயே புளுகி முடிச்சிட்டியே” என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். போனேன், இடைவேளைக்குப் பிறகு. கை தூக்காதே, வாயைத் திற என்றேன். ரெண்டு ஸ்கூலு சேர்ந்தால் மதியம் ரெண்டு முட்டையா என்றான் முதஸ்ஸிர். எந்த ஸ்கூலாக இருந்தாலும் தனக்கு ஜன்னலோரம் என்றாள் ஷைனி. சேருவதில் யாருக்கும் சங்கடமில்லை. மூன்றாம் வகுப்பு ரிஃபானா மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“சேத்துக்கட்டும்ணா, இன்னா இப்போ? ஆனா கேட்டாண்ட கூட்ஸு நின்னுக்கினா எப்டி வர்றது? அடியில பூந்து வரக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக்கீது. லேட்டா வந்தா அங்க வெளிய நிக்க வெப்பாங்களாம். நான் யாரு பேச்ச கேக்கறது?”

அவையோரே, பதில் வாங்கப் போன நான் கேள்வி வாங்கி வந்தேன். கொடியேற்றக் கம்பம் உண்டு, கூட்டம் போடப் பந்தல் உண்டு. குழந்தை கடக்கப் பாலம் உண்டா? இரண்டு பள்ளியை இணைக்கத் தாளும் மையும் போதும். இரண்டு கரையை இணைக்க?

இதோ, இன்று மாலையும் கேட் மூடியிருந்தது. தலைவர் காருக்குள் காத்திருந்தார். ரவிக்குமார் சார் மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். எப்படி? சார், கோபிக்காமல் ஒருமுறை திரும்பி நில்லுங்கள்.

நின்றுவிட்டார்! பெருந்தன்மை! பாருங்கள் பெரியோர்களே, வெள்ளைச் சட்டையின் முதுகில் சரக்கு வண்டியின் கறுப்பு மசகு, கழுத்திலிருந்து இடுப்பு வரை!

சார் ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் சார்.

“வண்டி நகராதுன்னு நெனச்சுட்டேன்பா.”

நெனச்சீங்க சார். ரிஃபானாவும் அப்படித்தான் நெனப்பா.

இப்போது ஏன் யாரும் சிரிக்கவில்லை?

ஆகவே பிள்ளைகளின் தீர்மானத்தை முன்மொழிகிறேன். முதலில் நடைபாலம், பிறகு இணைப்பு. அதுவரை இரண்டு பள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சம்மதிப்போர் கை தூக்குங்கள்!

தாய்மார்கள் தூக்கிவிட்டார்கள். ஹில்டா டீச்சர் தூக்கிவிட்டார். தலைவர் தூக்கிவிட்டார். அதோ, மசகுச் சட்டையிலும் ஒரு கை எழுகிறது! சார், ஒரே ஒரு சந்தேகம். சம்மதத்துக்குத் தூக்கினீர்களா, கழிவறைக்கா?

சம்மதத்துக்காம்! எழுதிக்கொள்ளுங்கள், ஏகமனதாக!

பொறுமையோடு கேட்ட காதுகளுக்கும், உயர்ந்து நிற்கும் கைகளுக்கும் என் நன்றி. கையை இறக்கிக்கொள்ளுங்கள், போண்டா வருகிறது. வணக்கம்!